கனூவில் போக நல்ல மாதம்

மார்ச் 6, வெள்ளி. குட்மேய்ஸ்.

இந்தக் கோபத்தோடு நித்திரை வராது.

ஸ்கொட்லாந்துக் காட்டு ஏரிகளில் அப்பாவோடு கனூ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் போக வேண்டும் என்பது என் ஆசை. எந்த மாதம் நல்லது என்று நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். ஏப்ரலில் தண்ணீரில் கை வைத்தாலே விறைக்கும். ஜூனில் வெளிச்சம் நீளம், ஆனால் பொடிக் கடிபூச்சிகள் கூட்டமாக வந்து கண், மூக்கு எல்லாம் மொய்க்கும். செப்டெம்பர்தான் சரி, பூச்சி குறைந்திருக்கும், தண்ணீரில் கோடைச் சூடு மிஞ்சியிருக்கும்.

சாப்பிடும்போது பேச்சைத் தொடங்கினேன். மாதத்தைச் சொல்லுமுன்பே அப்பா மறித்தார்.

"நல்ல யோசினை. அண்ணை தன்ர கூட்டாளிமாரோட போகட்டும். உனக்கு உது ஏலாது, பொம்பிளைப் பிள்ளை."

அண்ணையா! பார்க் குளத்தில் படகு ஆடியதற்கே வாந்தி எடுத்தவர். அம்மா என் தட்டில் இன்னொரு தோசை வைத்தார். நான் தொடவில்லை.

சற்று முன் அண்ணை என் அறைக்குள் தலையை நீட்டினார்.

"என்ன புரொபெசர், எந்த மாசம் நல்லம்? கெதியாச் சொல்லு, பெடியள் கேக்கிறாங்கள்."

"ஜூன்," என்றேன். "நல்ல வெளிச்சம் அண்ணை. கட்டைக் காற்சட்டை போட்டாலே காணும்."