மூவரே என்ற இடத்தில்

மார்ச் 3

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நீங்கள் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். விண்வெளி மையத்தில் பாராசூட் தைக்கும் பிரிவில் இருக்கிறேன். ஊழியர் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. இறந்த விண்வெளி வீரர்களுக்கான நினைவுக்கூடத் திறப்பு விழாவுக்கு நீங்கள் எழுதிய பாட்டைத்தான் மதிய இடைவேளையில் பாடிப் பழகுகிறோம்.

'விண்ணில் மறைந்த மூவரே' என்ற இடம் வந்தால் என் வாய் மூடிக்கொள்கிறது. நேற்று பாட்டு வாத்தியார் நிறுத்திவிட்டார். "என்னம்மா, அந்த இடத்துல மட்டும் கரண்ட் போயிடுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

என் கணவரும் விண்வெளி வீரர்தான். பதினோரு வருடங்களுக்கு முன், புறப்பட நான்கு மாதம் இருக்கும்போது, தரையில் பயிற்சிக் கலத்துக்குள் தீப்பிடித்து இறந்துபோனார்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அவரை மறந்துவிட்டீர்களா, விட்டுவிட்டீர்களா? மறந்திருந்தால் பரவாயில்லை, எல்லோரும் மறந்ததுதான். விட்டிருந்தால் நான் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வரிசையிலிருந்து


மார்ச் 12

அம்மா அவர்களுக்கு,

ஒன்பது நாள் தாமதத்துக்கு மன்னிக்கவும். ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிக்கும் முன் உறையில் போட்டு ஒட்டிவிட எண்ணம்.

மறக்கவில்லை. விட்டுவிட்டேன்.

மையத்தின் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் புரூப் பார்த்தவன் நான். உங்கள் கணவருக்கான இரங்கல் குறிப்பும் என் கைக்குத்தான் வந்தது. அதில் இரண்டு காற்புள்ளிகளை நீக்கினேன். அதுகூட நினைவிருக்கிறது. பாட்டுக்காக விழாக் குழு கொடுத்த பட்டியலில் 'விண்ணில் உயிர் நீத்தோர்: மூவர்' என்றிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். பிறகு, கேட்பதற்கு நான் யார் என்று தோன்றியது. ரப்பரால் அழித்துவிட்டேன். என் ஆயுளில் பாதி இப்படித்தான் போயிற்று.

யாப்பின்மேல் பழி போடவும் வழியில்லை. மூவரே, நால்வரே இரண்டுக்கும் ஒரே அளவுதான். ஆனால் 'விண்ணில் மறைந்த நால்வரே' என்று பாடினால் பொய்யாகிவிடும். உங்கள் கணவர் இறந்தது தரையில். 'விண்ணுக்காய் மறைந்த நால்வரே' என்றால் நான்கு பேருக்கும் அது உண்மை. ஏழாம் வேற்றுமை போய் நான்காம் வேற்றுமை வருகிறது. நான்காமவருக்கு நான்காம் வேற்றுமை என்பது என் விளையாட்டு அல்ல, தானாக அமைந்தது. ஓர் அசை கூடும். மெட்டு தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

வாத்தியாரிடம் கேட்டு எழுதுவீர்களா? அதுவரை விலக வேண்டாம்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற புரூப் ரீடர்


மார்ச் 16

ஐயா,

விட்டுவிட்டேன் என்ற வரியைப் படித்ததும் கோபம் வந்தது. மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்து மிச்சத்தைப் படித்தேன். இத்தனை வருடத்தில் பூசி மெழுகாமல் எனக்குப் பதில் சொன்னவர் நீங்கள்தான்.

வாத்தியார் மேஜையில் தாளம் தட்டிப் பார்த்தார். "ஒரு அசைதானேம்மா, முழுங்கிடலாம்" என்றார். "முழுங்க வேண்டாம் சார், நல்லா கேக்கணும்" என்றேன். அந்த வரியைச் சற்று முன்னதாகவே எடுத்துக்கொண்டால் சரியாக வருகிறது.

விழா அதிகாரியிடமும் போனேன். "அது பயணம் இல்லம்மா, விபத்து. இன்னிக்கு இவரைச் சேர்த்தா நாளைக்கு லிஃப்ட்ல மாட்டினவரையும் சேர்க்கச் சொல்வாங்க" என்றார்.

"லிஃப்ட்ல யாரும் விண்வெளி உடுப்பு போட்டுக்கிட்டு ஏறுறதில்ல சார்" என்றேன்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனம்தான் மாறவில்லை. அறுநூறு பாட்டுப் புத்தகம் அச்சாகிவிட்டதாம். எழுதியவர் நேரில் வந்து சொன்னால் பார்க்கலாம் என்றார். நீங்கள் வர மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொன்ன மாதிரி இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி விழா. மூவரே என்றால் நான் பாட மாட்டேன். இதில் மாற்றமில்லை.

இப்படிக்கு,
பாராசூட் பிரிவிலிருந்து


மார்ச் 21

அன்புள்ள அம்மா,

நேற்று போனேன். சொல்ல வேண்டியவற்றை ஒன்றிலிருந்து ஏழுவரை எண் போட்டு எழுதி எடுத்துப்போனேன். அதிகாரி முன் உட்கார்ந்ததும் ஒன்றுகூட நினைவில் இல்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

அவர் அன்பாகத்தான் பேசினார். "அச்சடிச்சாச்சே சார், இனிமே என்ன பண்றது?"

"பிழைத்திருத்தச் சீட்டு ஒட்டலாம்" என்றேன்.

"அது அச்சுப்பிழைக்குத்தானே? இதுல பிழை எங்க இருக்கு?"

"அச்சுல இல்ல. எழுதினவன் பிழை. நான் தப்பா எழுதிட்டேன்."

"பட்டியல் நாங்க கொடுத்தது சார்."

"பாட்டுக்குக் கீழே என் பேர்தான் இருக்கு. தப்பு என்னோடது. அதைத் திருத்தாம நான் இங்கேர்ந்து எழுந்திருக்கப் போறதில்ல."

பேசியது யார் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. ஆயுள் முழுக்கத் தன்னையே சந்தேகப்பட்டவனிடம், தப்பு உன்னுடையது இல்லை என்று யார் வாதாட முடியும்? அவர் இரண்டு தொலைபேசி அழைப்புகளைப் பேசி முடித்தார். ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டார். சாப்பிடப் போய்த் திரும்பி வந்தார். நான் அதே நாற்காலியில் இருந்தேன்.

"சீட்டு அடிச்சுத் தர ஆள் இல்ல சார்" என்றார் கடைசியில்.

"கையால எழுதறேன்."

"அறுநூறையுமா?"

தலையாட்டினேன். இன்று மாலைவரை நூற்றுப் பன்னிரண்டு முடிந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறேன். ஒன்றில் 'ல்' புள்ளி இல்லாமல் போயிருந்தது. முதல் சீட்டை உங்களுக்கு அனுப்புகிறேன்:

பிழைத்திருத்தம். பக்கம் 4, வரி 2. 'விண்ணில் மறைந்த மூவரே' என்பதை 'விண்ணுக்காய் மறைந்த நால்வரே' எனத் திருத்திக்கொள்ளவும். பிழை ஆசிரியருடையது.

இங்ஙனம்,
அவ்வாசிரியன்


மார்ச் 30

அன்புள்ள ஐயா,

பின்வரிசைவரை தேடினேன். நீங்கள் வரவில்லை. உங்களுக்குக் கூச்சம் என்று வாத்தியாரிடம் சொல்லி வைத்தேன். அவர் நம்பிவிட்டார்.

பாடினோம். விருந்தினரின் முதல் வரிசைப் புத்தகங்களில் உங்கள் சீட்டுகளை யாரோ உரித்திருந்தார்கள். பசை மட்டும் பளபளத்தது. அது தெரிந்ததால் அந்த வரியைக் கொஞ்சம் உரக்கவே பாடினோம், இருபத்திரண்டு பேரும். முதல் வரிசையில் ஓர் அம்மாள் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். சுவரில் மூன்று படங்கள்தான்.

கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் என்னைத் தேடி வந்தார். மூவரில் ஒருவருடைய அக்காவாம். வெகுதூரத்திலிருந்து வந்திருக்கிறார்.

"நாலுன்னு பாடினீங்களேம்மா. நாலாவது ஆள் யாரு?"

இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை, ஐயா. அடுக்கியதில் இரண்டு நாற்காலியை இறக்கிப் போட்டேன்.

"உட்காருங்க, சொல்றேன்" என்றேன்.

அன்புடன்,
நாலாமவரின் மனைவி