வலது ஓரம்

மார்ச் 4, செவ்வாய்

கடைக்கு வந்த ஒரு அம்மா இன்று இருபத்திரண்டு ஃபிரேம் போட்டுப் பார்த்துவிட்டு, முதலில் போட்டதையே வாங்கிக்கொண்டு போனார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒன்பது வருஷம் ஆகிறது. சிரிப்பு இப்போதெல்லாம் தானாகவே வந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "நாம நாலு பேரும் இருக்கற அந்தப் படத்தைப் பெருசா போட்டு ஹால்ல மாட்டலாம்னியே, என்ன ஆச்சு?" சொல்லி நாலு மாசம் ஆகிறது. தடியன் போய் ஏழு மாசம்.

செத்துப்போன தம்பியைத் தடியன் என்று எழுதலாமா? ஒல்லிக்குச்சிக்கு வைத்த பெயர் அது. அவன் என்னை மேடம் என்பான். இப்போது மட்டும் என்ன புது மரியாதை வேண்டிக் கிடக்கிறது.

மார்ச் 6, வியாழன்

பிரிண்ட் போடும் கடைக்குப் போனேன். ஒரு படத்தைச் சுவரில் மாட்ட இத்தனை வழியா! பேப்பரில் போட்டுக் கண்ணாடி ஃபிரேமுக்குள் வைப்பது ஒன்று. பளபளவென்று அக்ரிலிக். அலுமினியத் தகட்டிலேயே அச்சடிப்பது. அப்புறம் கேன்வாஸ் - துணியில் அச்சடித்து மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டுவார்களாம். கடைக்காரர் முதலில் கேட்டது, "வெளிச்சம் எந்தப் பக்கமா வருது?" தொழில் தெரிந்த ஆள். வீட்டில் காட்டிவிட்டுச் சொல்லுங்கள் என்று நாலு மாதிரித் துண்டு கொடுத்தார்.

போனில் படத்தைக் காட்டினேன். "ஓரத்துல நிக்கறது தம்பியா? எங்க இருக்காரு?"

"வெளியூர்ல வேலை."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்துவிட்டது. அந்த ஆள் முகம் மாறுவதை நின்று பார்க்கத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

நாலு துண்டையும் ஹால் மேஜையில் பரப்பினேன். அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தகட்டைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். "சில்லுன்னு இருக்கு. அன்னைக்கு அவன் கை இப்படித்தான் இருந்தது." தகட்டை எடுத்து என் பைக்குள் போட்டுவிட்டேன்.

அக்ரிலிக் பற்றி யாரும் பேசவே இல்லை. கண்ணாடி போட்ட துண்டை அப்பா ஜன்னல் பக்கம் திருப்பினார். "இதுல என் மூஞ்சிதான் தெரியுது" என்று வைத்துவிட்டார். வெளிச்சம் திருப்பி அடிக்காத கண்ணாடியும் இருக்கிறது, நான் தினமும் விற்பதுதான், சொல்ல வாயெடுத்தேன். அவர் சொன்னது வெளிச்சத்தைப் பற்றி இல்லை என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

அந்தப் படம் எடுத்த நாள் - எழுதிவிடுகிறேன். அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். போட்டோ எடுப்பவர் வீட்டுக்கே வந்திருந்தார். லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்த தடியன் நாற்பது நிமிஷம் லேட். யார் வீட்டிலோ லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், வெளியே எடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் போயிருந்தான். ஆனால் அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக முப்பத்தோரு வருஷம் இருந்தவர். நாங்கள் யாரும் அவரிடம் மணி சொன்னதில்லை, அவர்தான் எங்களுக்குச் சொல்வார். ரிட்டையரான அன்று வாட்சைக் கழற்றித் தடியன் கையில் கட்டி, "இனிமேயாவது நேரத்துக்கு வா" என்றார். அதற்கப்புறம் ஹால் கடிகாரத்துக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு அவன் சட்டையெல்லாம் கிரீஸ். மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றான். "ஒண்ணும் வேண்டாம். அப்படியே ஓரமா நில்லு" என்றார் அப்பா. அவனும் சிரித்துக்கொண்டே வலது ஓரத்தில் என் தோளில் கை போட்டு நின்றான். கிரீஸ் என் புடவையில் ஒட்டி, நான் அவனைத் திட்டி... நாங்கள் நாலு பேரும் சேர்ந்து இருக்கிற ஒரே நல்ல படம் அதுதான்.

பதினொரு நாள் கழித்து வண்டியில் வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

கேன்வாஸ் என்று சொல்லிவிட்டேன். அம்மா அந்தத் துண்டை மட்டும் திருப்பித் தரவில்லை. "துணின்னா தொட்டுப் பாக்கலாம்" என்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி

கடையில் கூட்டம். பிரிண்ட் கடைக்காரர் போனில் கூப்பிட்டார். சட்டத்தின் பக்கவாட்டில் வெள்ளையாக விடவா, படத்தையே மடித்து ஒட்டவா என்று கேட்டார். வெள்ளை அசிங்கமாக இருக்கும், படத்தையே மடியுங்கள் என்றேன். பெரிய மேதாவி மாதிரி. அப்புறம் மடிகிற இடத்தில் கோடு போட்டு மாதிரிப் படம் அனுப்பினார், பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள் என்று.

திறந்தேன். பெரிதாக்கினால் அவன் முகம் வந்துவிடும். சரி என்று அனுப்பிவிட்டு லென்ஸ் துடைக்கப் போய்விட்டேன்.

மார்ச் 22, சனி

படம் வந்தது.

முன்னால் நின்று பார்த்தால் அப்பா, அம்மா, நான். என் தோளில் ஒரு கை, அந்தக் கையில் வாட்ச். அப்புறம் ஒரு காது, கொஞ்சம் கன்னம். முகம் இல்லை. மீதி முகம் மொத்தமும் மடிந்து பக்கவாட்டில் போய்விட்டது, ரெண்டு அங்குலக் கட்டை மேல.

அம்மா சட்டத்தைத் திருப்பித் திருப்பித் தேடினாள். "எங்கடி அவன்? எங்கடி?"

அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இன்னும் ஓரத்துக்குத் தள்ளிட்டோமே." செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தள்ளினது நீங்க இல்லப்பா. நான்தான். ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு நிமிஷம். அதுகூட முடியலையா உனக்கு? ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடற, உனக்கு எங்கடி போச்சு கண்ணு?

மார்ச் 24, திங்கள்

கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். தம்பி வெளியூரில் இல்லை என்று. அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நானே ஒரு தடவைக்கு நாலு தடவை ஓரத்தைப் பாத்திருப்பேன்மா. வெளியூர்ல இருக்கறவர்தானே, இன்னொரு படம் எடுத்துப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அவன் பக்கத்தில் சுவர் நிறத்தைக் கொஞ்சம் நீட்டி, முகம் முழுக்க முன்னால் வருகிற மாதிரி புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். தப்பானதைக் கொண்டுவந்து கொடுத்துவிடச் சொன்னார். இந்த முறை அங்கேயே உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். மோவாயில் கிரீஸ் இருக்கிறது. யாருமே கவனிக்கவில்லை.

மார்ச் 29, சனி

புதியது வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது, தடியன் முழுசாக இருக்கிறான். பழையதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தேடினால், மூலையில் சாய்த்து வைத்த இடத்தில் இல்லை. அப்பா அதை ஹாலில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருந்தார். தானே ஆணி அடித்திருக்கிறார், கொஞ்சம் கோணல்.

"இது தப்பானதுப்பா. புதுசுல அவன் நல்லா தெரியறான்."

"புதுசை உங்க அம்மா ரூம்ல மாட்டு. இது இருக்கட்டும்."

அம்மாவைப் பார்த்தேன். விட்டுவிடு என்று கண்ணாலேயே சொன்னாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அம்மா தினமும் காலையில் புதுப் படத்தைக் கையால் தடவுகிறாள். மோவாய் அழுக்கு நிஜமா என்று கேட்டாள். கிரீஸ் என்றேன். முந்தானையால் துடைத்துப் பார்த்துவிட்டு அழுதாள். நானும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தால் ஹாலில் அப்பாவின் நாற்காலி பழைய இடத்தில் இல்லை. படம் இருக்கிற சுவரை ஒட்டியே, படத்துக்கு வலது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் காபிக்கு உள்ளே போனபோது நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து அப்பா, அம்மா, நான் மூன்று பேருமே தெரியவில்லை. மேலே இருக்கிற கடிகாரமும் தெரியவில்லை. கட்டையின் மேல் மடிந்த முகம் மட்டும் தெரிகிறது, நேராக நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

எழுந்து இடம் விட்டேன். டம்ளரோடு வந்து உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் அசையவில்லை.

அப்புறம் என்னைப் பார்த்து, "மணி என்னம்மா ஆச்சு?" என்றார்.

சொன்னேன்.