ஸ்டைன்லி கல்வட்டத்தில் கொளுத்திய கற்பூரம்

அனுப்புநர்
ஹம்சிகா அருளானந்தன்,
ஹொல்ம்லியா,
ஒஸ்லோ.

பெறுநர்
திரு. நல்லசிவம் அவர்கள்,
தலைவர்,
தென் ஒஸ்லோ தமிழர் மன்றம்,
ஒஸ்லோ.

விடயம்: 23.08.2025 மன்றச் சுற்றுலாவில் கற்பூரம் கொளுத்தி ஒரு கல்லைப் பழுதாக்கிய பழியை என்மீது சுமத்தி அனுப்பிய கடிதத்தைத் திருத்தித் தருமாறு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கூட்டத்தில் எழுந்து கதைக்கக்கூடியவள் அல்ல என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் கதிரை அடுக்குவதும் தேநீர் கொடுப்பதும்தான் எனது பங்கு. ஆகவே எழுதுகிறேன். மனுவில் விடயம் எங்கே, திகதி எங்கே, ஒப்பம் எங்கே என்று மன்றத்தின் சனிக்கிழமைப் பள்ளியில் எனக்குக் கற்பித்தவர் செயலாளர் திரு. அருட்செல்வம் அவர்களே. நான் விரும்பிப் போன ஒரே பள்ளிக்கூடம் அதுதான். அவர் கற்பித்த முறைப்படியே அவரைப் பற்றியும் எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

1. எனக்கு வயது பதினேழு. சென்ற ஆண்டு உயர்நிலைப் பள்ளியை இடையில் விட்டேன். காரணம் மன்றத்தில் பலவாறு பேசப்பட்டது. எதையும் நான் மறுக்கவில்லை, யாரும் என்னிடம் கேட்கவுமில்லை. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் கொம்யூன் நகரசபையின் இளையோர் ஆலோசகர், ஒஸ்லோவுக்கு வடக்கே உள்ள ஸ்டைன்லி பண்ணையில் எனக்கு வேலைப் பயிற்சி ஒழுங்கு செய்தார். கிழமையில் நான்கு நாள் ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போய் வருகிறேன். ஆடுகளுக்குத் தீனி போடுவேன், வேலி கட்டுவேன், உருளைக்கிழங்கு கிண்டுவேன். அங்கே அதிகம் கதைக்கத் தேவையில்லை. பண்ணைக்காரி தோருன் கேள்வி கேட்டால், பதில் வரும்வரை காத்திருப்பார். அப்படி ஒருவரை நான் முன்பு கண்டதில்லை.

2. பண்ணையின் மேட்டில் ஒரு கல்வட்டம் உண்டு. அது பழங்காலத்தது அல்ல. தோருன் அதைத் தொடங்கியபோது நான் பாலர் பள்ளியில் இருந்தேன். பண்ணைக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் போலப் பள்ளியை விட்டவர்கள். ஓர் ஆண்டுப் பயிற்சியில் இலையுதிர்காலம் வரை நிலைத்து நிற்பவர் வயலிலிருந்து ஒரு கல்லைத் தானே தெரிந்தெடுத்து, உழவு இயந்திரம் இல்லாமல், கயிறும் மரக்கட்டையும் கொண்டு மேட்டுக்கு இழுத்து வந்து நட வேண்டும். மற்றவர்கள் இழுக்க உதவலாம். எப்படி இழுப்பது என்று கல்லுக்குரியவர்தான் சொல்ல வேண்டும். அதுதான் கடினம். வட்டத்தில் இன்னும் ஓர் இடைவெளி இருக்கிறது. இந்த இலையுதிர்காலத்தில், நிலம் உறையுமுன், அதில் எனது கல் நடப்பட இருந்தது.

3. கல்வட்டத்தைப் பற்றி வீட்டில் சொன்னது நான்தான். எனக்கு ஏதோ கைகூடி வருகிறதென்ற மகிழ்ச்சியில் அம்மா மன்றத்தில் சொன்னார். அவ்வாறே இவ்வாண்டுச் சுற்றுலா அங்கே என்று முடிவானது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

4. அன்று காலை ஹொல்ம்லியா நிலையத்தில் பஸ் புறப்படுமுன், வழமைபோல் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்துக் கற்பூரம் காட்டப்பட்டது. சாரதி ஒரு போலந்துக்காரர். தேசிக்காய் நசிந்த சத்தத்தில் பயந்து இறங்கிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தோம். மீந்த கற்பூரமும் நல்லெண்ணெயும் குங்குமமும் தட்டும் கலாசாரப் பொறுப்பாளர் திருமதி உதயகுமாரி அவர்களின் பைக்குள் போயின. அதன் பிறகு நடந்தவை எல்லாம் அந்தப் பைக்குள்ளிருந்து வந்தவையே.

5. மேட்டில் தாங்கள் ஒலிபெருக்கியை எடுத்து, இவை நாலாயிரம் ஆண்டுப் பழைமையானவை என்றும், இங்குள்ள முன்னோரும் எங்கள் முன்னோரைப் போலவே நடுகல் நட்டு வழிபட்டார்கள் என்றும் உரையாற்றினீர்கள். யார், எந்த ஆண்டு, எதற்காக நட்டது என்று நோர்வேஜிய மொழியில் எழுதிய பலகை தங்கள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. படிக்கத் தெரியாதவர் எவரும் அந்தப் பஸ்ஸில் இல்லை. நான் அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா என் கையைக் கிள்ளி, "தலைவர் கதைக்கேக்கை பேசாமல் நில்" என்றார். நின்றேன்.

6. பின்னர் திருமதி உதயகுமாரி அவர்கள் வட்டத்திலேயே சிறிய கல்லைக் கண்டார். அது தலை உருண்டு, வயிறு அகன்று இருக்கும். "இஞ்சை வாங்கோ எல்லாரும், அச்சொட்டாப் பிள்ளையார்!" என்று கூப்பிட்டார். திரு. இளங்கோ அவர்கள், "அக்கா, பிள்ளையாரிட்டை நோர்வே பாஸ்போட் இருக்கோ எண்டு கேளுங்கோ" என்றார். "நிரந்தர விசாதான், அசையாமல் நிக்கிறார் பாருங்கோ" என்று இன்னொருவர் சொன்னார். அந்தச் சிரிப்பிலேயே குங்குமப் பொட்டு வைக்கப்பட்டது. தலையில் எண்ணெய் ஊற்றப்பட்டது. கற்பூரம் தட்டில் காற்றுக்கு நிற்கவில்லை. "கல்லிலை ஒரு குழி இருக்கு, அதுக்கை வைப்பம்" என்று சொல்லி, எண்ணெய் தேங்கியிருந்த அந்தக் குழியிலேயே கட்டியாக வைத்துக் கொளுத்தினார்கள். தாங்கள் உட்பட அனைவரும் கைகூப்பினீர்கள்.

அந்தக் கல் மார்த்தே என்ற பெண்ணுடையது. ஹம்மர்பெஸ்டிலிருந்து பத்தொன்பது வயதில் ஸ்டைன்லிக்கு வந்தவர். இப்போது ஊருக்குத் திரும்பி மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை ஒருத்தியின் கல்லைத்தான் அன்று மன்றம் முழுவதும் கும்பிட்டது. இது தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, பலகையில் எழுதியிருந்தது.

7. தீபம் கண்ணில் ஒற்ற வேண்டும் என்பதற்காகத் காற்றைக் கையால் மறைத்துத் தட்டிலும் ஒரு துண்டு கொளுத்தப்பட்டது. அதைத் திருமதி உதயகுமாரி அவர்கள் என்னிடம் தந்து, "குமர்ப்பிள்ளை, நீ பிடி. எல்லாருக்கும் கொண்டுபோய்க் காட்டு" என்றார். கோயிலிலும் மண்டபத்திலும் எப்போதும் அப்படித்தான். தட்டு கடைசியில் யாராவது ஒரு பெண்பிள்ளையின் கைக்கு வரும். மன்றத்தின் மற்ற இளையோர் பஸ்ஸுக்குள் தொலைபேசியோடு இருந்தார்கள். புகையைக் கண்டு தோருன் வாளியில் தண்ணீரோடு மேட்டுக்கு ஓடி வந்தபோது, எரிகிற தட்டோடு கல்லுக்கு முன்னால் நின்றவள் நான்.

8. தோருன் யாரையும் ஏசவில்லை. தண்ணீரை ஊற்றினார். கல்லின் தலை கருகி, எண்ணெய் வழிந்த இடமெல்லாம் கறுத்திருந்தது. யார் செய்தது என்று கேட்டார். செயலாளர் அவர்கள் முன்னே வந்து நோர்வேஜிய மொழியில், "இளம் பிள்ளைகள், விளங்காமல் செய்துவிட்டார்கள்" என்றார். அங்கே நின்ற இளம் பிள்ளை நான் ஒருத்திதான். தோருன் என்னைப் பார்த்தார், வழமைபோல் காத்திருந்தார். அத்தனை பெரியவர்கள் முன்னால் ஒரு பெரியவரைப் பார்த்து அது பொய் என்று எந்த மொழியில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மொழியும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பஸ்ஸில் திரும்பும்போது பாட்டுப் போட்டி நடந்தது.

9. அடுத்த கிழமை செயலாளர் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்தபடி அம்மாவிடம் சொன்னவற்றை அறையிலிருந்து கேட்டேன். "தங்கச்சி, பண்ணைக்காரி கொம்யூனுக்கு அறிவிச்சால் மண்டபம் தரமாட்டாங்கள். சனிக்கிழமைப் பள்ளி எங்கை நடத்துறது? பிள்ளையின்ரை பேரிலை போகட்டும். சின்னப்பிள்ளை எண்டு விட்டிடுவாங்கள். உதயகுமாரியின்ரை மகன் மருத்துவம் படிக்கிறான், அவைக்கு ஒரு கெட்டபேர் வரக்கூடாது. இவளுக்கு இனி என்ன?"

அம்மா ஓம் என்றார். நான் அம்மாவைக் குறை சொல்லி இம்மனுவை எழுதவில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்கும் அவர் ஓம் என்றுதான் சொன்னார்.

10. பின்பு மன்றத்தின் பெயரில், தங்கள் ஒப்பத்துடன் பண்ணைக்குக் கடிதம் போனது. தோருன் அதை எனக்குக் காட்டினார். "எங்களுடன் வந்த, பள்ளியை இடைவிட்டு மனக்கஷ்டத்தில் இருக்கும் ஒரு பெண்பிள்ளையின் செயலுக்காக வருந்துகிறோம். குடும்பத்தினரும் இதனை அறிவர்" என்று அதில் இருந்தது. நல்ல நோர்வேஜிய மொழி. ஒரு பிழை கூட இல்லை. இதனால் தாங்கள் கல்வட்டத்தையும் என்னையும் ஒரே விதமாகவே விளக்கியுள்ளீர்கள் என்று அறிகிறேன்.

11. விளைவு இது. மற்றவரின் கல்லைப் பழுதாக்கியவர் தன் கல்லை நட முடியாது என்பது ஸ்டைன்லியில் பயிற்சி பெறுவோர் தாங்களே வைத்த விதி. மார்த்தேக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்; அவர் அழுததாக அறிந்தேன். என்னைப் பற்றி முடிவெடுக்கச் செப்டெம்பர் 25ஆம் திகதி வியாழக்கிழமை பண்ணையில் கூட்டம் நடக்கும். எனது பயிற்சி டிசம்பருடன் முடிகிறது. ஆகவே இந்த ஆண்டு இல்லையென்றால் எனது கல் என்றைக்கும் இல்லை. "நீ செய்தாயா என்று சொல், அது போதும்" என்று தோருன் இரண்டு தரம் கேட்டார். நான் இல்லை என்று சொன்னால், எனது தாய் அறிந்து ஒப்புக்கொண்டதாக எழுதப்பட்ட கடிதம் மேசையில் கிடக்கிறது. அவர் யாரை நம்புவார்? நானாக இருந்தாலும் ஒப்பமிட்ட தாளைத்தான் நம்பியிருப்பேன்.

தூரிகையும் சவர்க்காரமும் கொண்டு நானே அந்தக் கல்லைத் தேய்த்தேன். குங்குமம் போய்விட்டது. கறுப்புப் போகவில்லை.

12. நடந்த அனைத்தையும் திரு. கிரிதர் அவர்கள் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். அன்றிரவு அது மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது; பலர் பூப்போட்டுப் பாராட்டியிருந்தீர்கள். மறுநாள் அது நீக்கப்பட்டது. நான் அவரிடம் கேட்டேன். "தப்பா நினைச்சுக்காதம்மா. நான் சென்னைக்காரன், வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது. உங்க ஆளுங்க விஷயத்துல நான் எப்படி தலையிடுறது?" என்றார். அவர் ஒருவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டவர். ஆகவே அவரைச் சாட்சிக்கு அழைக்கும்படி நான் கேட்கவில்லை.

திருமதி உதயகுமாரி அவர்களைக் கூட்டத்தில் நிறுத்தும்படியும் கேட்கவில்லை. அவர் பக்தியோடுதான் செய்தார். பிழை என்று தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டார். செயலாளர் பதவி விலக வேண்டும் என்றும் கேட்கவில்லை. எனக்கு இழப்பீடு வேண்டாம். மேடையில் வருத்தம் தெரிவித்துப் பொன்னாடை போர்த்த வேண்டாம். அப்படி எதுவும் நடந்தால் நான் வரமாட்டேன்.

நான் கேட்பது செப்டெம்பர் 25க்கு முன் தோருன் கையில் கிடைக்கும்படி ஒரு கடிதம் மட்டுமே. எண்ணெய் ஊற்றிக் கற்பூரம் கொளுத்தியது மன்றம். பெரியவர்கள் கொடுத்த தட்டைப் பிடித்தது மட்டுமே இந்தப் பிள்ளை. இந்த இரண்டு வசனங்கள் போதும். கடிதம் எழுத ஆள் இல்லையென்றால் நானே நோர்வேஜிய மொழியில் எழுதித் தருகிறேன். தாங்கள் ஒப்பமிட்டால் சரி. மார்த்தேக்குத் தனியாக ஒரு வரி எழுதினால் நல்லது. அது தங்கள் விருப்பம்.

கூட்டம் முடிந்த பிறகு கடிதம் அனுப்ப வேண்டாம். அப்போது அது தங்களுக்குத்தான் உதவும், எனக்கு அல்ல.

இம்மனுவைப் பற்றி அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம் எனவும் தயவாய் வேண்டுகிறேன். அவருக்கு இது தெரியாது. பதிலை எனது பெயருக்கே அனுப்பவும். எனக்கென்று கடிதம் வந்தால் நானே திறப்பேன்.

நான் தெரிந்தெடுத்த கல் வயலோரத்தில் கிடக்கிறது. அது அழகானதல்ல. ஒரு பக்கம் உடைந்திருக்கும். எப்படி இழுப்பது, யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பது, எப்போது "இழு" என்று சத்தம் போடுவது என்றெல்லாம் கோடை முழுவதும் தனியே ஆடுகளுக்கு முன்னால் பழகி வைத்தேன். தங்கள் கடிதம் வராவிட்டால் அது அங்கேயே கிடக்கும், புல் மூடிவிடும். அடுத்த ஆண்டு மன்றம் வேறு எங்காவது சுற்றுலா போகும். ஒருவேளை ஸ்டைன்லிக்கே வந்து, காலில் ஏதும் இடறினால், தயவுசெய்து அதற்குப் பொட்டு வைக்க வேண்டாம். அது என்னுடையது.

தங்கள் ஒப்பத்தை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
ஹம்சிகா அருளானந்தன்

இடம்: ஹொல்ம்லியா, ஒஸ்லோ
திகதி: 14.09.2025

பிரதி: எவருக்கும் அனுப்பப்படவில்லை. இன்னும்.