அம்மாவை நான் தயார் செய்த தேர்வு

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பதறாமல் படி, நல்ல செய்திதான். போனில் சொன்னால் முன்னுக்குப் பின் முரணாக உளறிவிடுவேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உன் சித்தி இறந்த பிறகு அம்மா தையல் மெஷினைத் தொடவே இல்லை. அடுப்பை அணைக்க மறந்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர்கூட நாக்கில் வரவில்லை. மறதி நோய்தான் என்று நீயும் நானும் போனில் குசுகுசுவென்று பேசி முடிவே கட்டிவிட்டோம். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாய்.

மனநல மருத்துவர் பரிசோதனைக்கு வரச் சொன்னதும், அம்மா அதில் தோற்றுவிடுவாளோ என்று பயந்தேன். என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்து, ஒரு வாரம் அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். இன்று என்ன கிழமை? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. தேர்வு அறையில் பிட் அடித்த பிள்ளைகளைப் பிடித்தே ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் செய்கிற வேலையா இது? சரியா, தவறா என்று குழம்பிக்கொண்டேதான் செய்தேன்.

அங்கே மருத்துவர் கேட்டு முடிப்பதற்குள், அம்மா தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று வாய்ப்பாடு போல ஒப்பித்தாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எப்படிம்மா இவ்வளவு வேகம் என்றதற்கு, "இந்த மனுஷன் ஒரு வாரமா என் உயிரை எடுத்துட்டார் டாக்டர். இன்னும் மிச்சம் இருக்கு, சொல்லவா?" என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவர் திட்டவில்லை, சிரித்தார். "ஒரே வாரத்துல இவ்வளவு புதுப் பாடம் ஏத்திக்கிட்டவங்களுக்கா சார் ஞாபகம் போயிடுச்சு?" என்றார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு, நான் சொல்லித் தராத கேள்விகளைக் கேட்டார். நடுவில் அம்மா அழும் சத்தம் கேட்டது. சித்தியின் சாவு வீட்டில்கூட அழாதவள். உள்ளே போக எழுந்தேன். உட்காருங்க தாத்தா என்று நர்ஸ் அதட்டினாள்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு நேற்று மருத்துவர் முடிவு சொன்னார். மறதி நோய் இல்லை, சின்னு. மனச்சோர்வு. அதனால்தான் எதிலும் கவனம் நிற்கவில்லையாம். மாத்திரையும், வாரம் ஒருமுறை அங்கே போய் மனம்விட்டுப் பேசுவதும்தான் வைத்தியம். கொஞ்ச காலம் பிடிக்கும், ஆனால் தேறிவிடுவார்கள் என்றார். நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூன்றாவது முறை வாயெடுத்ததும் அம்மா, "காது கேக்கலையா? அடுத்த டெஸ்ட் உங்களுக்குத்தான்" என்றாள். அவள் என்னைக் கிண்டல் செய்து எத்தனை மாதமாயிற்று! ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். இந்தப் பயந்தாங்கொள்ளி அப்பாதான், நம்பு.

ஒன்றே ஒன்று. திரும்பி வரும்போது அம்மா சொன்னாள்: "எல்லாரும் என்னைப் பத்திப் பேசுறீங்க. என்கிட்ட யாரும் பேசலை." அதனால் அம்மா எப்படி இருக்கிறாள் என்று இனி என்னைக் கேட்காதே, அவளையே கூப்பிட்டுக் கேள். சித்தியைப் பற்றியும் பேசு. அழுதால் அழட்டும். வேலையை விட வேண்டாம், லீவு கிடைக்கும்போது வா.

இன்று காலையில் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடச் சொன்னாள். நீ இளைத்திருக்கிறாயா, ஜாக்கெட் தைக்கப் பழைய அளவே போதுமா என்று கேட்கிறாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பதிலை நீயே அவளிடம் சொல். நன்றாக இரு, கண்ணே.

உன் அப்பா