கனத்துத் திரும்பிய தம்ரோட் சட்டி

சூரமங்கலம்
12.8.1984

அன்பு மகன் சிக்கந்தருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அத்தாவும் நானும் உன் தங்கை அஜீஸாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த அரபு நாட்டு வெயிலில் உன்னையும் அப்படியே வைக்கச் சொல்லி ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன். முதலில் ஒன்று, வியாழக்கிழமை அத்தா அடித்த தந்தியை நம்பி லீவு கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அஜீஸாவுக்கு நிச்சயமாகவில்லை.

நீயும் உன் ரூம்காரர்களும் வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில் கரி மூட்டி, கம்பி வலைமேல் அன்னாசிப்பழத்தைச் சீனி தடவிச் சுட்டுத் தின்றதாக எழுதியிருந்தாயே, பழத்தைப் போய் யாராவது சுடுவார்களா என்று அத்தாவுக்கு ஒரே சிரிப்பு. அப்படிச் சிரித்த மனுஷன்தான் இப்போது முடங்கிக் கிடக்கிறார். போன ஞாயிறு ஆத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கோட்டர்ஸ் சமையலறையில் புகை போக இடமில்லை, வழக்கம்போல வாசலில் செங்கல் கூட்டித் தம்ரோட் போட்டேன். ரவை, சீனி, முட்டை, நெய் எல்லாம் அஜீஸாவே கலந்தாள், அடியில் கொஞ்சம் கங்கு, மூடிமேல் நிறையக் கங்கு, தேங்காய்த் தொட்டிக் கரிதான். வாசலில் செய்வதில் இதுதான் வம்பு, நெய் வாசனை லைன் வீடுகள் முழுக்கப் போய், எல்லா வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிடும். அடுத்த தடவை கடை அல்வா வாங்கிக்கலாம்மா, யாருக்கும் தெரியாது என்று அவள் முன்பே சொன்னாள், நான்தான் திட்டினேன்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும், தம்ரோட்டைச் சட்டியோடு கொடுத்தனுப்புவோம், சம்மதமென்றால் சட்டியில் சீனி போட்டுத் திருப்புவார்கள், இல்லையென்றால் கழுவித் திருப்புவார்கள். இதுவரை நாலு தடவை கழுவித்தான் வந்தது. வியாழக்கிழமை அவர்கள் வீட்டு ஆள் துணியில் கட்டிய சட்டியைக் கொடுத்துவிட்டு நிற்காமல் போனான். அத்தா தூக்கிப் பார்த்தார், நல்ல கனம். முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை, சீனி வந்துவிட்டது என்று லைன் பூராவும் சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீசுக்கே போய்விட்டார். பொறுமை என்பது அந்த மனுஷனுக்கு என்றைக்கு இருந்தது? திரும்பி வந்ததும் அவிழ்த்தோம். நாங்கள் கொடுத்த தம்ரோட் அப்படியே இருந்தது. ஒரு விள்ளல்கூட எடுக்கவில்லை. நாலு நாள் வைத்திருந்து, தின்னவும் மனமில்லாமல் திருப்பியிருக்கிறார்கள். அத்தா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அதே தந்தி ஆபீசில் போய் நிற்கக் கூச்சப்படுகிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

அதற்குள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. அஜீஸாதான் கத்தியை எடுத்து அதே தம்ரோட்டைத் துண்டு போட்டு, தட்டில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லோரும் தின்றுவிட்டு வாழ்த்தினார்கள். எதிர்வீட்டுப் பொன்னாயி அவள் கன்னத்தைத் தடவி, எப்பங்க சாமி கண்ணாலம் என்று கேட்டிருக்கிறாள். எங்க அண்ணன் வரட்டுங்கக்கா, அவர் வந்தாத்தான் தேதி வைப்பாங்க என்று இவள் சொல்லிவிட்டு வந்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவளுக்கு இருபத்தெட்டு வயது முடிந்துவிட்டது, இனி யாரும் வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

உன் முகத்தைப் பார்த்து இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகிறது. என் வாயால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே. இந்த வருஷம் வராதே கண்ணு. நீ வராதவரைக்கும் கேட்கிறவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒரு பதில் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் சுகமும் தரட்டும். தங்கைக்குத் தனியாக நாலு வரி எழுது, கல்யாணப் பேச்சு எடுக்காதே.

உனக்காக என்றும் துஆ கேட்கும்
அம்மா மஸ்தான் பீவி