ட்ரானலேனிக் கடற்கரையின் புதிய பலகை

பாஸ்டன்,
புதன்கிழமை.

அன்புள்ள தம்பி ஃபின்டனுக்கு,

இறைவன் உனக்கும் நோராவுக்கும் நல்ல சுகம் தரட்டும். உன் மார்ச்சளி குறைந்ததா? நான் நலம். இங்கே கோவில் பீடத்துணிகளுக்கு இன்னும் நான்தான் இஸ்திரி போடுகிறேன். மற்றவர்கள் போட்டால் மடிப்பு கோணுகிறது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு வேடிக்கை. விடுமுறைக்கு நம் ஊர்ப்பக்கம் போய்வந்த டெலியா, இங்கே கோவிலுக்கு வரும் சின்னப்பெண், கடற்கரையில் நீங்கள் நட்ட பலகையின் புகைப்படத்தைக் காட்டினாள்.

"ட்ரானலேனின்னா பிள்ளைங்க கடற்கரையாமே பெரியம்மா! அந்தக் காலத்துல பிள்ளைங்க மணல்ல ஆடிப்பாடி விளையாடுவாங்களாம். குடுத்துவச்ச ஊரு!"

"ஆமாம்மா, சத்தமே போடாத பிள்ளைங்க" என்றேன். சிரித்தாள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

பலகையின் அடியில், குழுவினர் பெயர்களோடு உன் பெயரும் இருக்கிறது. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைகளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று அந்த மணல்மேட்டில் புதைத்ததால் வந்த பெயர் அது. உனக்குத் தெரியாததா? உன் அத்தான் மலாக்கி என் மகளைச் சுமந்துபோனபோது மண்வெட்டி எடுத்துப்போனவன் நீதானே. சாமியார் வரவில்லை, என்னையும் வரவிடவில்லை. ஊர்பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றால் பேசாமல் இருந்திருக்கலாம். பொய்யை எழுதி நட்டிருக்க வேண்டாம்.

சாம்பல் நிறக் கம்பளி நூல் கொஞ்சம் அனுப்பு; இங்கே விற்பது நூலே இல்லை. இன்னொன்று. அவள் தலைமாட்டில் வைத்த வெள்ளைக் கல் இருக்கும் இடம், மலாக்கி போனபிறகு, உனக்கு மட்டும்தான் தெரியும். பலகையின் கால்களை எங்கே நட்டார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து எழுது.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உன் அக்கா,
அட்ராக்டா