படேல் சௌக் வரை இறங்காமல்

குளிர் தொடங்கிவிட்டது. நேற்று கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து கம்பளித் துணிகளை வெயிலில் போட்டோம். வீடு முழுக்க அந்துருண்டை வாசனை. என் சாம்பல் நிற ஜாக்கெட்டை உதறியபோது உள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரா விழுந்தது. குப்பையில் போடலாம் என்று குனிந்த என் மனைவி, அது எது என்று புரிந்ததும் என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அதனால்தான் இன்று உனக்கு எழுதுகிறேன்.

டெல்லி முனிர்காவில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நாம் இரண்டு பேரும் இருந்தோம். நான் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நீ பல்கலைக்கழகத்தில் உளவியல். உன் திருநெல்வேலித் தமிழை டெல்லியால் கடைசிவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. உன் ஹிந்திகூட அந்த இழுவையோடுதான் வரும். பிறகு எனக்கு வேலை கிடைத்து கிட்வாய் நகர் குடியிருப்புக்கு வந்தேன். நீ ஒரு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் சேர்ந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்துக்கொண்டோம். உன் வேலை எனக்கு ஒருநாள் தேவைப்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

அது ஒரு ஜூன் மாதம். ஐ.என்.ஏ. நிலையத்தில் மெட்ரோ ஏறி அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன். சுரங்கத்துக்குள் ரயில் சற்று நின்றது. எல்லாரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்க, என் நெஞ்சு மட்டும் தறிகெட்டு அடிக்கத் தொடங்கியது. விரல்கள் மரத்துப்போயின. சாகப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, நேராக எமர்ஜென்சிக்குப் போனேன். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். சில நாட்களில் மறுபடியும் வந்தது. மறுபடியும் ஒன்றுமில்லை என்றார்கள்.

ஒன்றுமில்லை என்ற சொல் என்னை இன்னும் பயமுறுத்தியது. மெட்ரோவை விட்டேன். பிறகு லிஃப்ட்டை விட்டேன். தண்ணீர் பாட்டிலும் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. கடைசியில் ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். அப்படிப் போனால் மனைவி தன் பள்ளிக்கூட வேலையை விட வேண்டும். அவள் மறுக்கவில்லை. உனக்குப் போன் மட்டும் செய்தாள்.

நீ வந்து, உப்புமாவைத் தட்டோடு வாங்கிக்கொண்டு, நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாய்.

"ஏலே, நீ பொய் சொல்லல. நெஞ்சு அடிக்கத்தான் செய்யுது. அது அடிச்சா செத்துருவோம்னு நீயா ஒரு அர்த்தம் வச்சிருக்கியே, அதுதான் தப்பு."

"அப்போ நீயே சரி பண்ணு."

"நான் பாக்க மாட்டேன். கூட்டாளி வேற, வைத்தியம் வேற. லாஜ்பத் நகர்ல எனக்குத் தெரிஞ்ச மேடம் ஒருத்தங்க இருக்காங்க. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைன்னு பேரு. பேரைக் கேட்டு ஓடிராத. அவங்க குடுக்க வீட்டுப்பாடத்துக்கு வேணா நான் கூட வாரேன்."

மேடம் முதலில் என்னை இதய மருத்துவரிடம் அனுப்பி, இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அதன்பிறகு பொறுமையாக விளக்கினார். நெஞ்சு வேகமாக அடிக்கிறது. மாரடைப்பு என்று மனம் சொல்கிறது. அந்த நினைப்பே நெஞ்சை இன்னும் வேகமாக அடிக்க வைக்கிறது. நான் ஓடிப்போய் இறங்கிவிடுகிறேன். இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று மனம் பாடம் படித்துக்கொள்கிறது. "இறங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு இதுவரை தெரியவே தெரியாது, இல்லையா?" என்று ஹிந்தியில் கேட்டார். பயம் எதைச் சொன்னாலும் அதற்குச் சாட்சி கேளுங்கள் என்றார்.

வீட்டுப்பாடம் விசித்திரமாக இருந்தது. எந்தப் படபடப்பைக் கண்டு பயந்தேனோ, அதை நானே வரவழைக்க வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விட வேண்டும். மாடிப்படியில் ஓடி ஏற வேண்டும். கிட்வாய் நகர் குடியிருப்பில் நாம் இரண்டு பேரும் மூச்சிரைக்க ஏறுவதைப் பார்த்து மேல்மாடி ஆன்ட்டி, "பேட்டா, லிஃப்ட் கராப் ஹை க்யா?" என்று கேட்டார். "லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி, இவன்தான் ரிப்பேர்" என்று நீ உன் ஹிந்தியில் சொன்னாய். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. அப்படியே சிரித்தேன்.

பிறகு ரயில். முதலில் நீ பக்கத்தில் நின்றாய். அடுத்தமுறை பக்கத்துப் பெட்டியில். என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டாய், மாத்திரையையும் வாங்கிக்கொண்டாய். கடைசியாக நீ முன்பே போய் படேல் சௌக் நிலையத்தில் நிற்க, நான் தனியாக வர வேண்டும் என்று ஏற்பாடு.

"பயந்தா பயந்துக்கோ. இறங்காத, அவ்வளவுதான்."

முதல் நிலையமான ஜோர்பாக்கில் கதவு திறந்தபோது என் கால்கள் தாமாகவே திரும்பின. இறங்கவில்லை. கதவு மூடியது. பயம் கழுத்துவரை ஏறி, அங்கேயே நின்று, பிறகு யாரும் ஒன்றும் செய்யாமலேயே வடியத் தொடங்கியது. நான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண முகம்தான்.

படேல் சௌக்கில் நீ வறுத்த கடலை தின்றுகொண்டு நின்றாய்.

"என்னாச்சு?"

"பயந்தேன்."

"பொறவு?"

"கொஞ்ச நேரத்துல போர் அடிச்சுது."

"போர் அடிச்சுதா? அப்போ சோலி முடிஞ்சுது. வா, டீ குடிப்போம்."

மாற்றல் மனுவை நான் கொடுக்கவே இல்லை.

நீ போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவன் சாய்ந்துவிட்டாய் என்று உன் மைத்துனர் போனில் சொன்னார். மாரடைப்பு. உனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. மறுநாள் நிகம்போத் காட் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது, நம் இருவரையும் தெரிந்த ஒருவர் என் தோளில் கை வைத்து, "அவனுக்கே இப்படின்னா... நீயும் உடம்பைப் பாத்துக்கோப்பா" என்றார். அவர் நல்லவர்தான்.

நானும் மனைவியும் காஷ்மீரி கேட் நிலையத்தில் ரயில் ஏறினோம். அங்கிருந்து ஐ.என்.ஏ. வரை முழுக்கச் சுரங்கம். கதவு மூடியதும் அது வந்தது, முன்பு எப்போதும் வராத பலத்தோடு. உனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னவனே போய்விட்டான், இனி யாரை நம்புவாய் என்று பயம் கேட்டது. இந்தமுறை அதன் கையில் சாட்சி இருந்தது. அந்தச் சாட்சி நீ.

"ஏங்க, சாந்தினி சௌக்ல இறங்கிடலாமா? ஆட்டோல போயிடலாம்" என்றாள் மனைவி.

கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். உன் மரணம் உன் இதயத்தைப் பற்றிய செய்தி. என் இதயத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குத் தெளிவானபோது இன்னொன்றும் புரிந்தது: என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது நீ போய்விட்டாய் என்பதற்காக. ஊரிலிருந்து வந்த உன் அம்மாவைக் காலையிலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் இன்னும் அழுதிருக்கவில்லை.

"வேண்டாம். இப்படியே போகலாம்" என்றேன்.

அவ்வளவு கூட்டத்தில் நின்றுகொண்டு அழுதேன். யாரோ ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். ஜோர்பாக் எப்போது போனது என்றே தெரியவில்லை.

அடுத்த மாதம் இதய மருத்துவரிடம் ஒருமுறை போனேன், இந்த வயதில் எல்லாரும் போவது போல. நன்றாக இருக்கிறது என்றார். இன்னொரு மருத்துவரைத் தேடிப் போகவில்லை. பயம் இன்னும் எப்போதாவது எட்டிப்பார்க்கும். வந்தால் வரட்டும் என்று என் வேலையைப் பார்க்கிறேன்.

வரும் வாரம் உன் இரண்டாம் வருடத் திதி. உன் ஊருக்கு வருகிறேன். விமானத்தில் வழி ஓரமாக இருக்கை போடட்டுமா என்று மனைவி கேட்டாள். எங்கே கிடைக்கிறதோ அங்கே போடு என்றேன். நடு இருக்கைதான் கிடைத்திருக்கிறது.

போனில் உன் அம்மா ஒன்று கேட்டார்கள். "ஏய்யா, எம்புள்ள டெல்லியில அப்படி என்ன வேலைதான் பாத்தான்? ஊசி போடாத டாக்டர்னு சொல்லுவான். எனக்கு வெளங்கவே இல்ல." நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். என்ன சொல்வது என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசனை இல்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க பிள்ளை என்னை ரயில்ல ஏத்திவிட்டான்மா" என்று தொடங்கப் போகிறேன்.